ஒரே பாக்கெட், ரெண்டு கல்லீரல்

நானும் என் நண்பனும் காலேஜ் வாசல் டீக்கடையில ஒரே வருஷம்தான் தம் பழகினோம். அவன் இன்னைக்கும் ஒரு நாளைக்கு மூணோட நிறுத்திடுவான். நான் பதினஞ்சைத் தாண்டிட்டேன். "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லடா"ன்னு அவன் சொல்லுவான். நானும் அதை நம்பினேன். இந்த எபிசோடுக்காகப் படிச்சப்போதான் இதுல கல்லீரலுக்கும் பங்கு இருக்குன்னு தெரிஞ்சுது.

உள்ளே போற நிகோட்டின்ல பெரும்பகுதியைக் கோட்டினின் என்ற பொருளா மாத்துறது, கல்லீரல்ல இருக்கிற சிஒய்பி2ஏ6 என்ற என்சைம். (பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க, இனிமே 'என்சைம்'னே சொல்றேன்.) சராசரியா ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல இருக்கிற நிகோட்டின் பாதியாகிடும். ஆனா இதுக்கான மரபணு எல்லாருக்கும் ஒண்ணு கிடையாது. ஜப்பானியர்கள்ல சிலருக்கு அது சுத்தமா இருக்கவே இருக்காது. என்சைம் மெதுவா இருந்தா ஒரு தம்மோட நிகோட்டின் ரொம்ப நேரம் தாங்கும். வேகமா இருந்தா மீட்டிங் முடியறதுக்குள்ள கை பரபரக்கும். ஈஸ்ட்ரோஜனால பெண்களுக்குச் சராசரியா வேகம் கூடுதல், கர்ப்பகாலத்துல இன்னும் கூடும்.

வேகக்காரங்க அதிகமா பிடிக்கிறாங்க, அதனால புகையோட தாரும் அதிகமா உள்ளே போகுது. போதாததுக்கு, புகையிலையில இருக்கிற சில நைட்ரோசமைன்களைப் புற்றுநோய் உண்டாக்குற வடிவத்துக்கு மாத்துறதும் இதே என்சைம்தான். நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ரெண்டு வழியிலயும் ஏறுது.

அப்போ என் நண்பன் தப்பிச்சானா? இல்லை. 2018-ல பிஎம்ஜே இதழ்ல வந்த ஆய்வுப்படி, தினம் ஒரே ஒரு சிகரெட்டுக்கே, இருபது பிடிக்கிறவங்களோட கூடுதல் இதயநோய் ஆபத்துல கிட்டத்தட்ட பாதி வந்துடுது. அவன்கிட்ட இதைச் சொன்னேன், டீயை மட்டும் குடிச்சிட்டுப் பேச்சை மாத்திட்டான்.

எனக்கு முக்கியமாப் பட்டது 2015-ல வெளியான இன்னொரு ஆய்வு. 1,246 பேரை வேகத்தை வச்சுப் பிரிச்சு மருந்து கொடுத்துப் பார்த்தாங்க. சாதாரண வேகம் உள்ளவங்களுக்கு நிகோட்டின் பேட்ச்சை விட வேரனிக்ளின் மாத்திரை நல்லா வேலை செஞ்சுது. மெதுவானவங்களுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா மாத்திரையால பக்கவிளைவு அதிகம்.

நான் ரெண்டு தடவை பேட்ச் ஒட்டித் தோத்தவன். என் வேகம் என்னன்னு எனக்குத் தெரியாது, இதுக்கான டெஸ்ட்டைச் சாதாரண கிளினிக்ல எடுக்கிறதில்லை. காரணம் வேலை டென்ஷனாவும் இருக்கலாம். ஆனா பேட்ச் தோத்ததுக்கு நானே முழுக் காரணம்னு இப்போ நினைக்கல. மாத்திரையைப் பத்திக் கேக்க சனிக்கிழமை டாக்டர்கிட்ட போறேன்.