டி.சி. மீட்டிங் முதல் வைவா வரை: பிஎச்.டி. ஆய்வாளர்கள் பயமில்லாமல் தயாராவது எப்படி? முழு விவரம்

“அடுத்த வாரம் டி.சி. மீட்டிங்!”

பிஎச்.டி. பண்ணிட்டு இருக்கும் நண்பர் யாராவது இருந்தால் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்க. முகமே மாறிடும். நான்கு பேராசிரியர்கள் முன்னால் நின்று, ஆறு மாதம் என்ன செய்தோம் என்று பதில் சொல்லும் அந்த அரை மணி நேரம்தான் பல ஆய்வாளர்களுக்குப் பெரிய பயம்.

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி என்று இந்தப் பக்கம் படித்து மேலே வருபவர்களில் பலர் அவர்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். டி.சி. மீட்டிங் என்றால் என்ன, வைவாவில் என்ன கேட்பார்கள் என்று வீட்டில் சொல்லித் தர ஆள் கிடையாது. சீனியர் சொன்னதுதான் சட்டம். ஆனால் சீனியர் சொல்வது எல்லாம் விதியில் இருக்கிறதா? வாங்க, பார்க்கலாம்.

டி.சி. மீட்டிங் என்றால் என்ன?

டாக்டோரல் கமிட்டி என்பதன் சுருக்கம்தான் டி.சி. தமிழில் முனைவர் பட்டக் குழு. யூ.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் 7-ம் தேதி வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகளில் இதற்கு ‘ஆய்வு ஆலோசனைக் குழு’ என்று பெயர். பல்கலைக்கழகத்தைப் பொறுத்துப் பெயர் மாறலாம், வேலை ஒன்றுதான்.

இந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் உங்கள் நெறியாளர், அதாவது கைடு. குழுவுக்கு விதி கொடுத்திருக்கும் வேலை மூன்று. ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலித்துத் தலைப்பை முடிவு செய்வது. ஆய்வு முறை, படிக்க வேண்டிய பாடங்கள் ஆகியவற்றில் வழிகாட்டுவது. அவ்வப்போது முன்னேற்றத்தைப் பார்த்து உதவுவது.

கவனியுங்க, ‘உதவுவது’ என்பதும் விதியிலேயே இருக்கிறது. குழு உங்களைக் கவிழ்க்க உட்காரவில்லை.

வருஷத்துக்கு எத்தனை முறை?

ஒவ்வொரு செமஸ்டரும் ஒருமுறை குழு முன் ஆஜராகி, செய்த வேலையை விளக்கி, சுருக்கமான அறிக்கையும் கொடுக்க வேண்டும். பிஎச்.டி.க்குக் குறைந்தபட்ச காலம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. கணக்குப் போட்டால் குறைந்தது 6 முறை, அதிகபட்சம் 12 முறை.

6 ஆண்டில் முடியாவிட்டால் மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டு வாங்கலாம். மொத்தம் 8 ஆண்டைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு சலுகை உண்டு. அவர்களுக்கு மொத்தம் 10 ஆண்டு. பெண்கள் மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை எடுக்கலாம். இது சலுகை இல்லை, உரிமை. கேட்க யோசிக்க வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது பதிவுக் கடிதம்

விழுப்புரம் மாவட்ட ஆய்வாளர்களுக்கு இது ரொம்ப முக்கியம். இங்குள்ள கலை, அறிவியல் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021 தொடக்கத்தில் அதைப் பிரித்து விழுப்புரத்தில் டாக்டர் ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-ம் தேதி அதைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலையின் கீழ் வந்தன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளோ சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை.

ஆக, ஒரே ஊரில் ஒரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆய்வாளர்களுக்கு இரண்டு விதமான விதிகள் இருக்கலாம். உதாரணமாக, அண்ணா பல்கலைக்கழகத்தில் கோர்ஸ்வொர்க் முடிந்ததும் காம்ப்ரிஹென்சிவ் தேர்வு ஒன்று உண்டு. அதைத் தாண்டினால்தான் தற்காலிகப் பதிவு உறுதியாகும். 2022 நவம்பருக்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய 2009 அல்லது 2016 விதிமுறைகள் பொருந்தும்.

அதனால் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வதை நம்புவதற்கு முன், உங்கள் பதிவுக் கடிதத்தில் உள்ள தேதியையும் பல்கலைக்கழகப் பெயரையும் பாருங்க. அந்த ஆண்டுக்கான பிஎச்.டி. விதிமுறையைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து டவுன்லோடு செய்து போனில் வைத்துக்கொள்ளுங்க.

குழு ‘திருப்தி இல்லை’ என்று சொன்னால்?

உடனே பதிவு ரத்தாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முன்னேற்றம் போதாது என்றால் குழு அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், என்ன சரி செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். அந்தத் திருத்தங்களையும் ஆய்வாளர் செய்யத் தவறினால்தான், குறிப்பிட்ட காரணங்களுடன் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். குழுவின் பரிந்துரை நகல் ஆய்வாளருக்கும் தரப்பட வேண்டும்.

அதாவது, வாய்வார்த்தையாகத் திட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடாதீங்க. எழுத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டு வாங்குங்க. அடுத்த மீட்டிங்கில் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தத் தாள்தான்.

இதில் பணமும் இருக்கிறது. யூ.ஜி.சி.யின் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் குழு மதிப்பிட்டுத் திருப்தி அடைந்தால்தான் 42,000 ரூபாய் எஸ்.ஆர்.எஃப். ஆக உயரும்.

டி.சி. மீட்டிங்குக்கு எப்படித் தயாராவது?

ஓர் உதாரணம். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலை ரகங்களுக்குப் பெயர் போனது. டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்களில் அந்த மூன்றெழுத்து குறிப்பது திண்டிவனத்தைத்தான். அந்த ரகங்களை விவசாயிகள் ஏன் விடுகிறார்கள், ஏன் தொடர்கிறார்கள் என்று ஒருவர் ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, போன மீட்டிங்கின் குறிப்பு. குழு அப்போது சொன்னதை இடது பக்கம், அதற்கு நீங்கள் செய்ததை வலது பக்கம் எழுதி ஒரே ஸ்லைடில் காட்டுங்க. “மாதிரி எண்ணிக்கை போதாது என்றீர்கள், மேலும் இரண்டு ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்த்தேன்.” இப்படித் தொடங்கினால் பாதி கேள்வி அங்கேயே அடங்கிவிடும். செய்ய முடியாததையும் மறைக்காமல் காரணத்தோடு சொல்லுங்க.

இரண்டாவது, ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்க. “நிலக்கடலை பற்றி ஆய்வு செய்கிறேன்” என்பது தலைப்பு. “கூலி ஆள் செலவு கூடியதால்தான் விவசாயிகள் நிலக்கடலையை விடுகிறார்களா, அல்லது தண்ணீர்ப் பிரச்சினையா?” என்பது கேள்வி. குழு தேடுவது இரண்டாவதைத்தான்.

மூன்றாவது, ஸ்லைடுகளைக் குறைங்க. 20 நிமிடம் கொடுத்தால் 10 முதல் 12 ஸ்லைடு போதும். முன்னுரைக்கே 15 நிமிடம் போனால், நீங்கள் வெயிலில் அலைந்து எடுத்த தரவைச் சொல்ல நேரமே இருக்காது. வீட்டில் யாரையாவது உட்கார வைத்து, போனில் டைமர் போட்டுப் பேசிப் பாருங்க. அம்மாவுக்குப் புரிந்தால் வேறு துறைப் பேராசிரியருக்கும் புரியும்.

நான்காவது, அறிக்கையை ஒரு வாரம் முன்பே நெறியாளரிடம் கொடுத்துவிடுங்க. குழு முன்னால் அவர் புதிதாக ஒன்றைக் கேட்டு அதிர்ச்சியாகும் நிலை வரக் கூடாது.

ஐந்தாவது, முடிக்கும்போது குழுவிடம் நீங்களே இரண்டு கேள்வி கேளுங்க. “இந்த இயலைப் பிரிக்கலாமா?”, “எந்தப் புள்ளியியல் முறை பொருத்தம்?” குழு இருப்பதே அதற்குத்தான்.

ஆய்வேடு கொடுப்பதற்கு முன்

கோர்ஸ்வொர்க்கில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண் வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், குழு முன்பாக ஒரு விளக்க உரை உண்டு. பிற ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், மாணவர்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இதை வைவாவுக்கான ஒத்திகையாக எடுத்துக்கொள்ளுங்க. வரும் கேள்விகளை எல்லாம் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அதே கேள்விகள் வைவாவிலும் திரும்ப வரலாம்.

அடுத்தது கருத்துத் திருட்டுச் சோதனை. யூ.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 சதவீதம் என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 என்றால் ஓராண்டுக்குத் திருத்தியதைக்கூடக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய முறையில் சுட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை ஆகியவை கணக்கில் வராது.

தமிழில் எழுதினால் மென்பொருள் பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. மென்பொருள் பிடிக்காவிட்டாலும், அந்தப் புத்தகத்தை எழுதியவரே உங்கள் தேர்வாளராக வரலாம்!

இன்னொரு விஷயம். 2016 விதிமுறையில் ஆய்வேடு தருவதற்கு முன் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிடுவதும், இரண்டு கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதும் கட்டாயமாக இருந்தது. 2022 விதிமுறையில் யூ.ஜி.சி. அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்க.

வைவாவில் என்ன நடக்கும்?

ஆய்வேட்டை நெறியாளரோடு சேர்த்து, அந்தக் கல்வி நிறுவனத்தில் பணிபுரியாத குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் படிக்கிறார்கள். முடிந்தவரை ஒருவர் வெளிநாட்டவராக இருக்கலாம். ஒருவர் நிராகரித்தால் மாற்றுத் தேர்வாளருக்கு ஆய்வேடு போகும். அவர் ஏற்றால் மட்டுமே வைவா. சமர்ப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மதிப்பீடு, வைவா, முடிவு எல்லாம் முடியும்படி பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது விதி.

வைவாவை நெறியாளரும் வெளித் தேர்வாளர்களில் குறைந்தது ஒருவரும் நடத்துவார்கள். ஆன்லைனிலும் நடத்தலாம். பிரிட்டனில் இது பெரும்பாலும் மூடிய அறையில் நடக்கும். நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் பொது நிகழ்ச்சி. நம் ஊரிலும் பொது நிகழ்ச்சிதான், ஆசிரியர்களும் மாணவர்களும் உட்கார்ந்து கேட்கலாம்.

இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. வைவா வரை வந்துவிட்டீர்கள் என்றால், உங்கள் ஆய்வேட்டை நிபுணர்கள் ஏற்கெனவே படித்து ஏற்றிருக்கிறார்கள். இனி அவர்கள் பார்ப்பது, இதை எழுதியது நீங்கள்தானா, எழுதியதை உங்களால் விளக்க முடிகிறதா என்பதைத்தான்.

வைவாவுக்கு என்ன படிக்க வேண்டும்?

தேர்வாளர் அறிக்கைகளில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் பக்க எண்ணோடு எழுத்தில் பதில் தயார் செய்யுங்க. பிறகு உங்கள் ஆய்வேட்டையே முதலிலிருந்து படிங்க. சமர்ப்பித்துப் பல மாதம் ஆகியிருக்கும், பாதி மறந்திருக்கும். ஒவ்வொரு இயலுக்கும் நாலு வரிச் சுருக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்க. உங்கள் கண்ணில் படும் பிழைகளைப் பட்டியல் போட்டுக் கையில் வைத்திருங்க. தேர்வாளர் சுட்டிக்காட்டும் முன் நீங்களே சொன்னால் அது பலவீனம் இல்லை.

கட்டாயம் எதிர்பார்க்க வேண்டிய கேள்விகள்: ஏன் இந்தத் தலைப்பு? உங்கள் புதிய கண்டுபிடிப்பு என்ன? ஏன் இந்த ஆய்வு முறை? மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்? அடுத்து என்ன?

பதில் தெரியாவிட்டால்? “என் ஆய்வு எல்லைக்குள் அது வரவில்லை, ஆனால் என் தரவை வைத்து இப்படி யோசிக்கலாம்” என்று சொல்லலாம். தெரிந்த மாதிரி சமாளித்தால்தான் கேள்வி தொடரும். தேர்வாளரும் ஒரு காலத்தில் இதே இடத்தில் நின்றவர்தான்.

சாப்பாடு, பரிசு, கவர்... இது விதியா?

இதைப் பேசாமல் முடிக்க முடியாது. 2024 அக்டோபரில் கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா மேடையிலேயே ஓர் ஆய்வாளர் ஆளுநர் ஆர்.என்.ரவியிடம் மனு கொடுத்தார். ஆய்வாளர்களை வீட்டு வேலை வாங்குவதாகவும், வைவா நேரத்தில் பணம் எதிர்பார்ப்பதாகவும் அதில் குற்றம்சாட்டியது மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது.

யூ.ஜி.சி. விதிமுறையில் தேர்வாளருக்குப் பரிசு, விருந்து, தங்கும் செலவு ஆய்வாளர் தர வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. பல்கலைக்கழகம் ரசீதோடு வாங்கும் கட்டணம் மட்டுமே கட்டணம். தனியாகக் கேட்டால், கேட்ட தேதி, தொகை, மெசேஜ் எல்லாவற்றையும் சேமித்து வையுங்க. பல்கலைக்கழகக் குறைதீர் அமைப்பில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். லஞ்சம் கேட்பது அரசுக் கல்லூரியில் நடந்தால், அது லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகும் விஷயம்.

எல்லோராலும் உடனே புகார் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. ஆறு வருட உழைப்பு ஒருவர் கையெழுத்தில் நிற்கும்போது வாய் திறப்பது சுலபமில்லை. ஆனால் ‘இதுதான் வழக்கம்’ என்று யாராவது சொன்னால், ‘வழக்கம் வேறு, விதி வேறு’ என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று

வைவா முடிந்து ஆய்வேடு ஏற்கப்பட்ட பிறகு, அதன் மின்படி இன்ஃப்ளிப்நெட் அமைப்பிடம் போகும். ஷோத்கங்கா தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்களுக்கு முன்பு உங்கள் துறையில் எழுதியவர்களின் ஆய்வேடுகளும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. நாளைக்கு மீட்டிங் இருக்கிறதா? இன்று இரவு அதில் ஒன்றைத் திறந்து, அவர் ஆய்வுக் கேள்வியை எப்படி எழுதியிருக்கிறார் என்று மட்டும் பாருங்க. பிறகு உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டுத் தூங்குங்க. காலையில் ரயிலில் அதையே நாலு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போகலாம்.