படத்துக்குப் பக்கத்தில் நாலு வார்த்தை!

நம் புகைப்படக் குழுவுக்கு ஓர் இணையதளம் செய்யலாம் என்று பேச்சு வந்ததிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பேக்ரவுண்டு கறுப்பா, வெள்ளையா? படம் தானா ஓடுமா?" அதெல்லாம் அப்புறம். படத்துக்குக் கீழே என்ன எழுதப் போகிறோம்? அதை முதலில் பேசுவோம். என் கணக்கில் தளத்தின் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பாடம் நம் ஊரிலேயே உண்டு. செயின்ட் லூயி வீதியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது அல்லவா? அங்கே தென்னிந்தியக் கோயில்கள், சிற்பங்களின் புகைப்படங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரு லட்சம் படத்துக்குள் ஏதோ ஒரு கிராமத்துக் கோயில் தூணை எப்படித் தேடுவது? ஊர் பெயர், கோயில் பெயர், சிலையின் பெயர் என்று எழுதி வைத்தால்தான் முடியும்.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழர்களின் பழைய ஸ்டூடியோ போட்டோக்களைத் தேடித் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்தது. ஏறக்குறைய 1880 முதல் 1980 வரையிலான படங்கள். நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றும் பூச்சியும் சேர்ந்து தின்றுகொண்டிருந்தவை. அந்தக் காலத்துப் படங்களில் ஒரு வேடிக்கை கவனித்திருக்கிறீர்களா? ஒட்டிய அட்டையின் அடியில் ஸ்டூடியோ பெயரும் ஊரும் அழகாக அச்சாகியிருக்கும். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பவர் யார் என்று மட்டும் இருக்காது! எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியிலும் அப்படி ஒரு படம் இருக்கிறது. நடுவில் ஒரு பாப்பா, கையில் கிலுகிலுப்பை. அது யார் என்று சொல்லக்கூடியவர் எங்கள் பாட்டி ஒருவர்தான். பாட்டி போனதும் அந்தப் பெயரும் போச்சு.

வருஷம் ஏன் எழுத வேண்டும் என்று ஒரு தம்பி கேட்டான். கடற்கரைச் சாலை மேரி கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். (மேரி என்பது ஆள் பெயர் இல்லை, பிரெஞ்சில் நகராட்சி அலுவலகத்தை அப்படித்தான் சொல்வார்கள்.) 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். வருஷம் போடாத படத்தில் நிற்பது பழைய மேரியா, புது மேரியா? சொல்லுங்க பார்ப்போம்!

ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல். 2006-இல்தான் அதிகாரப்பூர்வமாகப் 'புதுச்சேரி' ஆனோம். இன்னும் 'பாண்டிச்சேரி' என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், 'புதுவை' என்று தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். குறிப்பில் இரண்டு மூன்று பெயரையும் சேர்த்துவிட்டால் யாரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள்.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. எங்கள் தெருவில் பார்வையில்லாத அண்ணன் ஒருவர் இருக்கிறார். போனில் திரையைப் படித்துச் சொல்லும் வசதியை வைத்துக்கொண்டு எல்லாம் செய்வார். அவருடைய தங்கை கல்யாணப் படங்களை ஒரு ஸ்டூடியோக்காரர் தங்கள் தளத்தில் போட்டிருந்தார். அண்ணன் ஆசையாகத் திறந்தார். போன் என்ன படித்தது தெரியுமா? "ஐ.எம்.ஜி. நாலு ஏழு ஒன்று இரண்டு... ஐ.எம்.ஜி. நாலு ஏழு ஒன்று மூன்று..." வரிசையாக எண்கள்தான். "படம் தெரியாட்டி பரவாயில்லடா, யார் பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னாவது சொல்லக்கூடாதா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சொல்வதற்கு வழி இருக்கிறது. இணையப் பக்கத்தில் ஒவ்வொரு படத்தோடும் 'ஆல்ட்' என்று ஓர் இடம் உண்டு. அதில் எழுதுவது சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. போன் அதைத்தான் வாய்விட்டுப் படிக்கும். அது இல்லாமலே விட்டுவிட்டால், பல நேரம் கோப்பின் பெயரைப் படித்துவிடும். ஆகவே அதில் 'அழகான படம்' என்றெல்லாம் எழுதாதீர்கள், அழகா இல்லையா என்று கேட்கிறவர் முடிவு செய்துகொள்வார். "பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா, தராசைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார், பின்னால் குடையோடு இரண்டு பேர்" என்று எழுதினால் போதும். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற அளவு.

தமிழை யூனிகோடில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்தால் நமக்குத் தமிழாகத் தெரியும், போனுக்கு அது கன்னாபின்னா ஆங்கில எழுத்து. பக்கத்தின் மொழி தமிழ் என்றும் நிரலில் ஒரு வார்த்தை குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் போய்த் திணறும், சில சமயம் விட்டுவிட்டே போய்விடும்.

இப்போது கறுப்பா வெள்ளையாவுக்கு வருகிறேன். எதுவானாலும் சரி, எழுத்து தெரிய வேண்டும். கறுப்பு மேல் இளஞ்சாம்பல் படிக்கலாம். கறுப்பு மேல் அடர்சாம்பல் நம் தாத்தாக்களால் படிக்க முடியாது. இணையத்துக்கு விதி வகுக்கும் டபிள்யூ.3.சி. அமைப்பு, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. தானாக ஓடும் படம் 5 வினாடிக்கு மேல் ஓடினால் நிறுத்தப் பொத்தான் வேண்டும் என்பதும் அவர்கள் விதிதான். என்னைக் கேட்டால் ஓடவே வேண்டாம். மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் டேப் விசையை அழுத்தியே எல்லாப் படத்துக்கும் போக முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கனமும் முக்கியம். ஒரு படம் 4 எம்.பி. என்றால் 30 படம் 120 எம்.பி. ஆகிவிடும். அம்மாவின் போனில் அன்றைய டேட்டா காலி! அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்தால் பெரும்பாலும் 300 கே.பி.க்குப் பக்கத்தில் வந்துவிடும். முப்பதும் சேர்ந்தே 9 எம்.பி. தான்.

படம் தர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் கணினி அறைக்கு வாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு துண்டுத் தாளில் யார், எங்கே, எந்த வருஷம், படத்தில் என்ன நடக்கிறது என்று எழுதி எடுத்து வாருங்கள். படத்தில் இருப்பவரிடம் சம்மதம் கேட்டீர்களா என்பதையும் எழுதுங்கள். வீட்டுப் பழைய போட்டோவாக இருந்தால் முதலில் தாத்தா பாட்டியிடம் காட்டிக் கேளுங்கள். பின்பக்கம் பேனாவால் எழுதிவிடாதீர்கள், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். பென்சில் போதும், மெதுவாக.

— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு