பழைய துப்பாக்கிக்கு எண்ணெய் பூசுதல்

இரண்டு உலகப் போர்களிலும் பிரித்தானியச் சிப்பாய்கள் சுமந்த லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியை, நம்மவர் வாயில் 'திரீ நாட் திரீ'யை, இன்று சேகரித்து வைத்திருப்போர் பலர். அதன் மரக்கட்டை பெரும்பாலும் வால்நட்.

கட்டை அழுக்கேறிக் கிடந்தால் உடனே சான்ட் பேப்பரால் தேய்ப்பதுதான் பலரும் விடும் பிழை. மரத்தில் குத்திய பரிசோதனை முத்திரைகள் அதோடு போய்விடும். பிறகு எந்த எண்ணெயாலும் அவை திரும்பி வரா.

குண்டில்லையென்று உறுதிசெய்து, இரும்புப் பாகங்களைக் கழற்றி, டர்பன்டைன் நனைத்த துணியால் பழைய கறையைத் துடைத்தாலே போதும். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி போட்டுச் சூடான அயன் பொக்ஸை வையுங்கள். நீராவி பட்டு, நசுங்கிய நார்கள் ஊதி மேலெழும். நார் அறுந்த வெட்டுக்காயம் எழும்பாது; அது இருந்துவிட்டுப் போகட்டுமே.

மரம் காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, உள்ளங்கை சூடேறத் தேய்த்து, மிஞ்சியதைத் துடைக்க வேண்டும். இராணுவம் பூசியது பச்சை எண்ணெய், காய நாளெடுக்கும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். இவ்வெண்ணெய் ஒட்சிசனோடு சேர்ந்து காயும்போது வெப்பம் பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அது அடைபட்டால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.