அச்சாரம் போன வழியும் வந்த வழியும்

நெய்வேலியில் வண்டி இல்லாதவனும் சுகமாகவே காலம் தள்ளலாம். நகரத்தை அமைத்தவர்கள் வட்டங்களுக்கு எண்ணிட்டு, விசாலமான வீதிகளை வகுத்து, மரங்களையும் நட்டு வைத்தார்கள். ஆனால் முழங்கால் வாதத்தால் வருந்தும் என் தாயாரைப் புதுச்சேரி வைத்தியரிடம் பஸ்ஸில் அழைத்துப் போவதென்றால், அந்த நிழல் மரங்கள் என்ன செய்யும்? ஆகவே, சென்ற ஆண்டு ஒரு பழைய மோட்டார் வண்டி வாங்குவதென்று வீட்டில் தீர்மானமாயிற்று.

ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள் இங்கே தங்கள் வண்டியை விற்றுவிட்டுப் போவதுண்டு. அதற்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், அயலூரில் உள்ள ஒரு பழைய கார் கடைக்குப் போனேன். சிவப்பு வண்டி ஒன்று பிடித்துப் போயிற்று. 3,80,000 ரூபாய்க்குப் பேரம் முடிந்தது. "சார், இன்றைக்கே அட்வான்ஸ் போட்டால்தான் வண்டி நிற்கும். நாளைக்கு வேறு பார்ட்டி வருகிறார்" என்றார் கடைக்காரர். கடன் பாக்கி உண்டா என்று கேட்டேன். "ஒரு பைசா கிடையாது" என்றார். 40,000 ரூபாய் கொடுத்து ரசீது வாங்கினேன். அது என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்திருந்த பணம் என்பதை நேயர்களிடம் மறைப்பானேன்?

அன்றிரவு மகள் வண்டியின் எண்ணைப் பரிவாஹன் செயலியில் போட்டுப் பார்த்தாள். "அப்பா, வண்டி ஒரு வங்கிக்கு அல்லவா ஈடாக இருக்கிறது?" என்றாள். மாணவர்களின் விடைத்தாளில் ஒற்றுப் பிழையைக்கூட மன்னிக்காத நான், ஆர்.சி. நகலைக் கேட்டுப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் காலை வண்டி வேண்டாமென்று சொன்னேன். "ரசீதைப் படியுங்கள், சார்" என்றார் கடைக்காரர். படித்தேன். 'முன்பணம் எக்காரணங்கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை.

இந்த முத்திரையைக் கண்டு மனம் சோர்ந்து வீடு திரும்புகிறவர்கள் எத்தனை பேரோ! நானும் அப்படித்தான் திரும்பினேன். என்னிடம் படித்து இப்போது வக்கீலாக இருக்கும் பிள்ளை ஒருவன்தான் தைரியம் சொன்னான். "முத்திரை என்ன சொல்கிறது என்பது அப்புறம், ஐயா. பேரத்தை முறித்தது யார் என்பதுதான் முதல் கேள்வி" என்றான்.

அவன் சொன்ன இரண்டு வழக்குகள் மிகவும் ருசிகரமானவை. 1946ஆம் ஆண்டில் ஸ்ரீ ஹனுமான் காட்டன் மில்ஸ் என்ற கம்பெனியார், டாடா ஏர்கிராப்ட் கம்பெனியிடம் பழைய விமானச் சாமான்களை 10 லட்சம் ரூபாய்க்கு வாங்குவதாகப் பேசி, இரண்டரை லட்சத்தை அச்சாரமாகக் கட்டினார்கள். மிகுதியைக் கட்டவில்லை. அச்சாரத்தைத் திரும்பக் கேட்டு வழக்காடினார்கள். 1969இல் சுப்ரீம் கோர்ட்டு, வாங்குகிறவனே பேரத்தை முறித்தால் அச்சாரம் போனது போனதுதான் என்று தீர்த்துவிட்டது.

அதே ஆண்டில் அதே கோர்ட்டில் மௌலா பக்ஷ் என்பவரின் வழக்கும் முடிவாயிற்று. பட்டாளத்துக்கு உருளைக்கிழங்கும், கோழி, முட்டை, மீன் வகைகளும் சப்ளை செய்ய அவர் ஒப்புக்கொண்டு, 10,000 ரூபாயும் 8,500 ரூபாயும் ஜாமீன் தொகை கட்டியிருந்தார். அவர் ஒழுங்காகச் சப்ளை செய்யவில்லை. சர்க்கார் தொகையை எடுத்துக்கொண்டது. கோர்ட்டார் சர்க்காரைப் பார்த்து, உங்களுக்கு நேர்ந்த நஷ்டம் எவ்வளவு என்று கேட்டார்கள். அதைச் சர்க்கார் நிரூபிக்கவில்லை. பணம் மௌலா பக்ஷுக்குத் திரும்பக் கிடைத்தது. தவறு செய்தவருக்கே கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்! அது பேரத்தை உறுதிசெய்யும் அச்சாரம் அல்ல, வெறும் ஜாமீன் தொகை என்பதே வேற்றுமை. 2015இல் டில்லி அபிவிருத்தி அதிகாரசபை ஒரு மனை ஏலத்தில் பெற்ற 78 லட்சம் ரூபாய் அச்சாரத்தையும் திருப்பித் தரும்படி தீர்ப்பாயிற்று. ஏலம் எடுத்தவர்கள் ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. அந்த மனையை மறுபடி ஏலம் விட்டதில் சபைக்கு லாபமே தவிர நஷ்டமில்லை.

ஆகவே மனம் மாறிவிட்டது, வேறு வண்டி மலிவாகக் கிடைத்தது என்று பின்வாங்குகிறவர் நியாயமான அச்சாரத்தை இழக்க நேரலாம். அதில் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். வண்டியை நமக்காக நிறுத்தி வைத்தவர் அல்லவா? என் கதை வேறு. கடன் இல்லை என்ற பொய்யை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி நான் ரத்துச் செய்யலாம். ரத்தானால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். சொல்லாமல் மறைத்த ஈடு எதுவும் சரக்கின்மேல் இல்லை என்ற உத்தரவாதத்தை 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமும் வாங்குகிறவனுக்குத் தருகிறது.

ஆனால் அவர் பொய் சொன்னார் என்பதற்குச் சாட்சி வேண்டுமே! தெய்வாதீனமாக, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தின் கீழே 'லோன் கிளியர்' என்று அவரே எழுதியிருந்தார். அதன் பிரதியும், ரசீதும், பரிவாஹன் விவரமும் சேர்த்து, 15 நாள் தவணை கொடுத்து, ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பினேன். தவறினால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றும் எழுதினேன். 2019ஆம் வருஷத்துச் சட்டப்படி வாங்கியவன் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள் செய்ய வேண்டும். ஆனால் ஓய்வு பெறும் அண்டை வீட்டுக்காரரிடம் வாங்கி இந்த வில்லங்கம் நேர்ந்திருந்தால் ஆணையம் உதவாது. அவர் வியாபாரி அல்லவே! சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

பதினோராம் நாள் போன் வந்தது. "வாத்தியாரையா, நமக்குள் கேஸ் எதற்கு?" என்று ஆரம்பித்தார் கடைக்காரர். எனக்காக வண்டியைக் கழுவி மெருகிட்ட செலவுக்கு 1,500 ரூபாய் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பொய் சொன்னவருக்கு அதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு நான்கு நாளே பாக்கி. சரியென்றேன். அன்று மாலையே 38,500 ரூபாய் கணக்கில் வந்து சேர்ந்தது. சிவப்பு வண்டி அதற்கு முன்பே வேறொருவருக்கு விலையாகிவிட்டதாம்; அவராவது ஆர்.சி.யைப் பார்த்தாரா, தெரியவில்லை. அந்த 1,500 ரூபாய்க்காக வக்கீல் பிள்ளை இன்னும் என்னைக் கோபித்துக்கொள்கிறான்.