மேட்ச் பார்க்கப் போகலாம்... திரும்பி வருவது எப்படி?

"அம்மா, வர்ற சனிக்கிழமை நாங்க ஆறு பேர் பெங்களூரு போறோம். சென்னை டீம் ஃபுட்பால் மேட்ச் இருக்கு. ராத்திரி வர லேட்டாகும்."

காலை ஏழு மணி. ஒரு கையில் தோசைத் திருப்பி, மறு கையில் டிபன் பாக்ஸ். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகன், வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இப்படிச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் தோசை கருகாது?

"லேட்டுன்னா எத்தனை மணி? எதுல திரும்பி வருவீங்க?" என்றேன்.

"அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்மா."

அந்தப் 'பார்த்துக்கலாம்'தான் எனக்குப் பிடிக்கவில்லை. "போக வேணாம்னு சொல்லலேப்பா. எப்படித் திரும்பி வருவேன்னு முதல்ல சொல்லு. அப்புறம் போ" என்றேன். அன்று மாலை வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்ததும் பேச்சு வளர்ந்தது. கடைசியில், நாங்களும் எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பமும் பையனின் நண்பர்களும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போவது என்று முடிவாயிற்று. போனோம், சந்தோஷமாகத் திரும்பியும் வந்தோம். அந்த அனுபவத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எதிராளி ஊர்தான் பக்கம்!

ஓசூரில் இருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. நம்ம சென்னையின் எஃப்.சி. சொந்த மைதானத்தில் ஆடுவதைப் பார்க்க வேண்டுமானால் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்குப் போக வேண்டும். அதே டீம் 'வெளியூர் ஆட்டம்' ஆட பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியத்துக்கு வந்தால், நமக்கு நாற்பது கிலோமீட்டர்தான். அவர்களுக்கு அது எதிராளி ஊர். நமக்கோ காய்கறி வாங்கப் போவது மாதிரி!

2018 மார்ச் 17-ஆம் தேதி ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டமே கண்டீரவாவில் நடந்தது. பெங்களூருவின் சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிஷத்திலேயே கோல் போட்டுவிட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தபோது, சென்னையின் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியே இரண்டு கோல் போட்டார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட, கடைசியில் 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. அந்த டீமில் நடுக்களத்தில் ஆடிய தன்பால் கணேஷ் நம்ம வியாசர்பாடிப் பிள்ளை. இப்படியொரு ஆட்டத்தை நேரில் பார்க்கப் பிள்ளைகள் துடிப்பதில் ஆச்சரியம் என்ன?

ஆக, 'போகாதே' என்பது பதில் அல்ல. 'எப்படிப் போய் எப்படி வருவாய்' என்பதுதான் கேள்வி.

எனக்குக் கிடைத்த பாடம்

நான் இப்படிக் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் என் நாத்தனார் மகனின் காலேஜ் டீம் வெளியூரில் ஃபைனல் ஆடியது. "அத்தை, நீங்க கண்டிப்பா வரணும்" என்று கூப்பிட்டான். புளிசாதம் என்ன, முறுக்கு என்ன, எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். போவதற்கு மட்டும்தான் யோசித்திருந்தோம்.

மேட்ச் முடிந்தது. எல்லாரும் ஒரே வாசலை நோக்கி நகர்ந்தார்கள். என் இடது கையில் பை, வலது கையில் ஆறு வயது மகள். பையின் காது அறுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தேன். கையில் குழந்தை இல்லை.

பத்து நிமிஷம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் எனக்கு இன்றும் முடியவில்லை. கூப்பிட்டால் சத்தம் கேட்கவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. கடைசியில் பஞ்சு மிட்டாய் விற்பவர் பக்கத்தில், அழக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தாள். அவளை அள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினால் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. விடியும்வரை சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாரையும் குறை சொல்ல முடியாது. தப்பு எங்களுடையது.

அன்றுதான் புரிந்தது: வெளியூர் மேட்சுக்கு, திரும்பி வருவதைத்தான் முதலில் திட்டமிட வேண்டும்.

கடைசியிலிருந்து கணக்குப் போடுங்கள்

ஃபுட்பால் ஆட்டம் இரண்டு பாதி சேர்ந்து 90 நிமிஷம். நடுவில் 15 நிமிஷ இடைவேளை, அங்கங்கே சேர்க்கும் சில நிமிஷங்கள். ஆக இரண்டு மணி நேரம். இரவு ஏழரைக்கு ஆரம்பித்தால் ஒன்பதரை ஆகிவிடும். கூட்டம் கலைந்து வெளியே வர இன்னும் அரை மணி. இரவு பத்து மணிக்கு, தூங்கி விழும் குழந்தையோடு பெங்களூரு ரோட்டில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வீடு வரை எப்படி வருவீர்கள்? இதற்குப் பதில் கிடைத்த பிறகே டிக்கெட் வாங்குங்கள். மாலையிலேயே தொடங்கும் ஆட்டங்களும் உண்டு. சின்னக் குழந்தைகள் உள்ளவர்களுக்கு அதுதான் உத்தமம்.

பஸ் என்றால்: ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாகப் போகும். போகும்போது சுலபம். இரவு பஸ் எங்கே நிற்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

மெட்ரோ என்றால்: 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதை, ஓசூர் ரோட்டிலேயே உள்ள பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை போகிறது. அங்கே பச்சைப் பாதைக்கு மாறி மெஜஸ்டிக், மறுபடி ஊதாப் பாதைக்கு மாறி கப்பன் பார்க்கில் இறங்கலாம். அங்கிருந்து நடக்கும் தூரம்தான். குழந்தைகளோடு என்றால் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். சில்க் போர்டு நெரிசலில் மாட்டாமல் போக இது நல்ல வழி. ஆனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் வர இரவில் வண்டி ஏற்பாடு வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சகோதரிகள் இன்னும் ஐம்பது கிலோமீட்டர் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அங்கே ரயிலும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

வேன் என்றால்: நான்கு குடும்பம் பங்கு போட்டால் கை கடிக்காது. தமிழ்நாட்டு வாடகை வண்டி என்றால் கர்நாடக பர்மிட், அத்திப்பள்ளி டோல், டிரைவர் சாப்பாடு இதெல்லாம் யார் கணக்கு என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். டிரைவர் பகலில் தூங்கி எழுந்தவரா என்று கேட்கவும் வெட்கப்படாதீர்கள். இரவில் அந்த ரோட்டில் லாரிகள் அதிகம்.

இன்னொன்று. காவிரிப் பிரச்னையோ வேறு ஏதாவதோ, பந்த் என்றால் எல்லையில் பஸ் நின்றுவிடும். ஜூஜூவாடியிலிருந்து அத்திப்பள்ளிக்கு மூட்டையோடு நடந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கிளம்பும் அன்று காலை செய்தி கேளுங்கள். போட்டி தேதி மாறவில்லையா, எந்த ஊரில் நடக்கிறது என்பதையும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

எங்கே உட்காருவது?

கண்டீரவாவில் மேற்குப் பக்கம் பெங்களூரு ரசிகர்களின் கோட்டை. 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' என்று அவர்களுக்குப் பெயர். டிரம் அடித்து, ஆட்டம் முழுக்க நின்றபடியே பாடுவார்கள். பார்க்க அழகுதான், கைக்குழந்தையோடு அங்கே போய் உட்கார்ந்துவிடாதீர்கள்! சென்னை ரசிகர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருந்தால் காலேஜ் பிள்ளைகள் அங்கே போகட்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் ஓரமாக, படிக்கட்டுக்கும் வாசலுக்கும் அருகில் உள்ள இருக்கையாகப் பார்த்து வாங்குவது நல்லது. குழந்தைக்கும் தனி டிக்கெட் வேண்டுமா என்பதை வாங்கும்போதே படித்துப் பாருங்கள்.

என் மகள் கேட்ட கேள்வி ஒன்று: "ஏம்மா, ரெண்டு டீமுக்கும் நீலக் கலர்தானா?" உண்மைதான். இரண்டு டீமுமே நீலம்! நேருக்கு நேர் மோதும்போது ஒரு டீம் வேறு நிறச் சட்டை போட்டு வரும். நம்ம பக்கம் எது என்று குழந்தைகளுக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் எதிராளி கோலுக்குக் கை தட்டுவார்கள்.

சாப்பாடும் சௌகரியமும்

வெளிச் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் இவற்றை ஸ்டேடியங்களில் பொதுவாக உள்ளே விடுவதில்லை. ஆகவே வயிற்றை நிரப்பிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். நான் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை வாழை இலையில் கட்டினேன். ஐந்து மணிக்கு வேனிலேயே ஆளுக்கு நான்கு. எண்ணெயில் பொரித்தது வேண்டாம். ராத்திரிப் பயணத்தில் குமட்டும். திரும்பி வரும்போது பசிக்கும் என்று ஒரு தூக்கு நிறையத் தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாயோடு வேனிலேயே வைத்திருந்தேன். அதற்குத்தான் கிராக்கி!

பெங்களூருவில் மாலையானால் குளிர் நம்மூரைப் போலத்தான். ஸ்வெட்டர், காதுக்குக் குல்லா அவசியம். டிரம் சத்தம் பச்சைக் குழந்தையின் காதுக்கு ஆகாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பாட்டியிடம் விட்டுச் செல்லுங்கள். முடியாவிட்டால் அந்த ஒரு மேட்சை டி.வி.யில் பார்த்துக்கொள்ளலாம். புடவையை விடச் சுடிதாரும் பின்பக்கம் வார் வைத்த செருப்பும் சௌகரியம். இடைவேளை வரை காத்திராமல், பத்து நிமிஷம் முன்னாலேயே பாத்ரூம் போய் வந்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

கூட்டம் என்றால் விளையாட்டல்ல

கண்டீரவாவிலிருந்து கப்பன் பார்க்கைத் தாண்டினால் சின்னசாமி ஸ்டேடியம். 2025 ஜூன் 4-ஆம் தேதி அங்கே கிரிக்கெட் வெற்றி விழாவுக்கு வந்த கூட்டத்தில் நசுங்கி 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பள்ளிச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். 1980 ஆகஸ்ட் 16-ஆம் தேதி கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஃபுட்பால் பார்க்கப் போன 16 பேர் வீடு திரும்பவில்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இவற்றைப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லுங்கள்:

* டிக்கெட் இல்லாமல் 'வாசல்ல பார்த்துக்கலாம்' என்று போகவே கூடாது.

* ஒரு மணி நேரம் முன்னால் உள்ளே போங்கள். ஆட்டம் முடிந்ததும் உடனே எழாதீர்கள். இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தால் வாசல் தானாகக் காலியாகும்.

* உள்ளே நுழைந்ததும் வெளியேறும் வழி எத்தனை, எங்கே என்று பாருங்கள். வந்த வழி ஒன்றையே நம்ப வேண்டாம்.

* பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடத்தை முன்பே பேசி வையுங்கள். செல்போனை நம்பாதீர்கள். குழந்தையின் பாக்கெட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

* நெரிசலில் சிக்கினால் இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு விட இடம் இருக்கும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அதன் போக்கிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகருங்கள். சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

* செருப்போ பையோ விழுந்தால் குனியவே குனியாதீர்கள். நான் குனிந்ததன் பலனைத்தான் சொன்னேனே!

அன்று இரவு

எங்கள் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆட்டம் முடிந்தது. சுற்றிலும் எல்லாரும் எழ, நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். "அம்மா, எல்லாரும் போறாங்க" என்று பையன் நெளிந்தான். "போகட்டும்" என்றேன். இருபது நிமிஷத்தில் படிக்கட்டு காலி. பேசி வைத்த இடத்தில் வேன் நின்றது. ஏறும் முன் தலை எண்ணினேன், சரியாக இருந்தது.

எதிர்வீட்டம்மா பெங்களூரு கட்சி. நாங்கள் சென்னைக் கட்சி. மைதானத்தில் ஆளுக்கொரு பக்கம் கத்திய இரண்டு பேரும் வேனில் ஒரே தூக்கிலிருந்து தயிர்சாதம் உருட்டிக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். அத்திப்பள்ளி தாண்டும்போது பின் சீட்டில் பிள்ளைகள் எல்லாரும் தூங்கிவிட்டிருந்தார்கள். வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி பன்னிரண்டு.

மறுவாரம் பையன் மறுபடி வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினான். "அம்மா, அடுத்த மாசம் எங்க காலேஜ் டீம் சேலத்துல ஆடுது. போகணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "கடைசி பஸ் எப்போன்னு கேட்டு வச்சிருக்கேம்மா. அதுக்கு முந்தின பஸ்ஸுல வந்துடுவோம்."

அன்று தோசை கருகவில்லை!