கழுகு வராத கழுக்குன்றம்!

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்சில் ஏறினால் பாதி வழியில் வருகிறது திருக்கழுக்குன்றம். பட்சி தீர்த்தம் என்றால் வடநாட்டுக்காரர்களுக்கும் தெரியும். ஊருக்குப் பெயரே கழுகால் வந்தது. ஆனால் இன்று கழுகுதான் இல்லை!

மலை சுமார் 500 அடி உயரம். வேதகிரீசுவரரைப் பார்க்க 550-க்கு மேல் படி ஏற வேண்டும். இருபுறமும் பாறை, புதர், மரம். வெயில் ஏறினால் கல் சுடும். காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. குரங்குகள் உண்டு, பழப்பை ஜாக்கிரதை!

ஜோடிக் கழுகு

முன்பெல்லாம் உச்சிவேளை நெருங்கினால் இரண்டு கழுகுகள் வந்து பாறையில் இறங்கும். கோயில்காரர் கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்றுவிட்டுப் பறந்துவிடும். காசியில் குளித்து, இங்கே சாப்பிட்டு, ராமேசுவரம் போகின்றன என்பது ஜனங்களின் நம்பிக்கை. அதைப் பார்க்கவே கூட்டம் மலையேறும்.

1998 வாக்கில் அந்த வரவு நின்றது. "கலி முத்திப் போச்சு" என்கிறார்கள் சிலர். பறவை நிபுணர்கள் சொல்வது வேறு. இங்கே வந்தவை மஞ்சள்முகப் பாறு. செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைக்கும் இனம். இந்த இனம் நாடெங்கும் குறைந்துவிட்டது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோபெனாக் மருந்து, அந்த இறைச்சியைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கொத்துக்கொத்தாக மடிந்தன. 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் கழுகுக் கூட்டத்தைப் பார்க்க நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.

டச்சுக்காரர் வெட்டிய பெயர்

இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம். பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த குகைக்கோயில். அங்கே 17-ம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள் அவர்கள்.

அந்தப் பெயர்கள் முந்நூறு வருஷம் தாண்டியும் அழியவில்லை. தினம் தவறாமல் வந்த பறவை, ஒரே தலைமுறையில் போய்விட்டது.

"கழுகு எங்கேப்பா?" என்று பிள்ளைகள் கேட்கின்றன. சின்ன வயசில் கண்ணால் பார்த்த அப்பாமார்கள், பதில் சொல்லாமல் வானத்தைப் பார்க்கிறார்கள்.