மஞ்சள் பிள்ளையாரும் மூடிய கதவும்

சிவகாசி என்றதும் தீபாவளிப் பட்டாசே பலருக்கு நினைவு வரும். ஆயினும் அவ்வூருக்குப் பெயர் தந்தது வெடிமருந்தன்று. காசி விசுவநாதர் கோயிலேயாகும். பாண்டிய மன்னன் காசியிலிருந்து கொணர்ந்த லிங்கம் அப்பால் செல்லாமல் அங்கேயே நிலைபெற்றது என்பது ஸ்தல ஐதிகம். அக்கோயிலைப் பற்றி எழுந்த ஒரு பழைய பிணக்கைக் கொண்டு, ஹிந்து மதத்தின் சின்னங்களுக்கு உண்மைப் பொருள் யாதென்று இங்கே ஆராய விரும்புகிறோம்.

லிங்கத்தை அருவுருவம் என்பர் சைவர். வடிவற்ற பொருளை மனம் பற்றிக்கொள்வதற்கு அமைந்த அடையாளம் அது. சுபகாரியம் தொடங்குமுன் ஒரு பிடி மஞ்சளில் பிள்ளையாரை ஆவாகனம் செய்கிறோம். கலச நீரில் தேவதையை அழைக்கிறோம். குத்துவிளக்கின் சுடரில் திருமகளைக் காண்கிறோம். பூஜை முடிந்ததும் மஞ்சளை நீரில் கரைத்துவிடுகிறோம். மஞ்சளும் நீரும் நெய்யும் எந்த ஏழையின் குடிசையிலும் உள்ளவை. அங்கே எழுந்தருள இசையும் இறைவன், அக்குடிசைவாசி கோயிலுள் வந்தால் மாசுபடுவான் என்பது எவ்வாறு பொருந்தும்?

பொருந்தாத அவ்வழக்கம் எவ்வளவு கொடுமை செய்தது! நாடார் சமூகத்தார் ஆலயப் பிரவேசம் கோரியதால் எழுந்த பகை முற்றி, 1899-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. 1897-ல் கமுதி கோயிலில் நுழைந்தவர்கள் மீது தொடரப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-ல் அவர்களுக்குப் பாதகமாகவே முடிந்தது. உரிமை கேட்டவர்கள் தங்கள் குலப் பெருமையை எடுத்துரைத்தார்கள். நீதிபதிகள் வழக்கத்தை நோக்கினார்கள். சின்னத்தின் பொருள் என்னவென்று கேட்பார் இல்லை.

அக்கேள்விக்கு விடை 1939 ஜூலை 8-ல் மதுரையில் கிடைத்தது. வைத்தியநாதய்யர் தலைமையில் மீனாட்சி அம்மன் சந்நிதிக்குச் சென்றவர்களுள் கக்கன் முதலிய ஹரிஜனங்களுடன் விருதுநகர் சண்முக நாடாரும் ஒருவர். அம்பிகை சந்நிதியில் குலம் வினவப்படவில்லை.

இதற்குள் சிவகாசியில் மற்றொரு புதுமையும் நிகழத் தொடங்கியது. தீப்பெட்டியைத் தொடர்ந்து அச்சுத்தொழிலும் அவ்வூரில் வளர்ந்தது. கோவில்பட்டி கொண்டையராஜு முதலியோர் தீட்டிய தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாக அச்சாகித் தேசமெங்கும் சென்றன. எவ்வூரில் சந்நிதிக் கதவு ஒரு சாராருக்கு மூடப்பட்டதோ, அவ்வூரே லக்ஷ்மியையும் முருகனையும் ஜாதி பாராமல் வீடுதோறும் அனுப்பியது. சுவரில் மாட்டிய காகிதத்துக்குக் கற்பூரம் காட்டிய கோடிக்கணக்கானோர், தத்துவம் படியாமலே அதன் சாரத்தை உணர்ந்தவர்கள்.

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 2023-ல் விழுப்புரம் ஜில்லா மேல்பாதியில், பட்டியல் சமூகத்தார் உள்ளே செல்வது பற்றிய தகராறில், திரௌபதி அம்மன் கோயில் அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது. சட்டம் கதவைத் திறக்கலாம். திறந்த கதவினுள் சகோதரனை அழைப்பது சட்டத்தின் வேலையன்று, நமது வேலை. நேற்று வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இன்று பிறரை நிறுத்தாதிருக்கவும் கடமைப்பட்டவர்கள்.

அடுத்த முறை மஞ்சளைப் பிடித்துப் பிள்ளையார் வைக்கும்போது, அதை யார் பிடித்தாலும் அவர் வருகிறார் என்பதை நாம் ஒரு கணம் நினைப்போமாக.